முதல் பதிவை அப்புறப்படுத்தாதீர்கள்: இசைத் தளங்களுக்கும் விநியோக நிறுவனங்களுக்கும் ஒரு திறந்த மடல்

இணைய இசைத் தளங்களை நடத்துவோருக்கும், சுயாதீன இசைக்கலைஞர்களின் பாடல்களை அந்தத் தளங்களில் கொண்டு சேர்க்கும் விநியோக நிறுவனத்தாருக்கும்,

வணக்கம்.

தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே பாடும் ஒரு பாடகியின் முதல் ஆல்பம் அண்மையில் மறுவெளியீடு கண்டது. எந்த நிறுவனத்தின் துணையும் இல்லாமல் வீட்டிலேயே பதிவு செய்து அவர் வெளியிட்ட ஆல்பம் அது. மறுவெளியீட்டுக்காகச் சில பாடல்களை மீண்டும் பாடியிருக்கிறார். மற்றவற்றைப் புதிதாக மிக்ஸிங் செய்திருக்கிறார்கள். பாடல்களின் வரிசை மாறியிருக்கிறது, அட்டைப்படமும் மாறியிருக்கிறது. அவருடைய பாடல்கள், அவருடைய உரிமை. அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆனால் புதிய வடிவம் வந்த அன்றே பழைய வடிவம் உங்கள் தளங்களிலிருந்து காணாமல் போனது. பிளேலிஸ்ட்டில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்குப் பாடல்களின் பெயர்கள் மட்டும் மங்கிய எழுத்தில் நின்றன. அழுத்தினால் எதுவும் ஒலிக்கவில்லை. இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

அந்த மறுவெளியீட்டைக் கேட்டவர்கள் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பதை முதலில் சொல்கிறேன். உங்கள் கணக்கில் அது ஓர் ஏறுமுகக் கோடாக மட்டுமே தெரிந்திருக்கும். புதிதாக வந்தவர்கள் பலர் அந்தப் பாடல்களில் அப்படியே கரைந்து போனார்கள். இத்தனை காலம் இந்தக் குரல் எங்கே இருந்தது என்று வியந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது முழுமையான, தெளிவான ஒலிப்பதிவு. முன்பு கிதாரின் அதிர்வில் மூழ்கிக் கிடந்த சொற்கள் இப்போது காதில் வந்து நிற்கின்றன. பழைய பதிவோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களோ தடுமாறினார்கள். ஒரு பாடலின் நடுவில், அடுத்த வரிக்கு முன்னால், அவர் மூச்சை இழுக்கும் ஒலி கேட்கும். அந்த மூச்சுக்காகவே அந்தப் பாடலைத் திரும்பத் திரும்பக் கேட்டவர்கள் உண்டு. புதியதில் அதைத் துடைத்துவிட்டார்கள்.

இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. என்னைக் கேட்டால், மீண்டும் பாடியதில் ஒரு பாடல் பழையதைவிடப் பல மடங்கு மேல். முன்பு அந்தப் பாடலின் உச்சத்தை எட்ட அவர் குரல் திணறியது, இப்போது தயக்கமின்றி எட்டுகிறது. இறுதிப் பாடலில் எனக்கு நேர் எதிரான எண்ணம். அது தன் வாழ்க்கை எப்படிப் போகும் என்று தெரியாத ஒருவர் பாடிய பாட்டு. தெரிந்துகொண்ட பிறகு அதே சொற்களை அதே மெட்டில் பாடினாலும் அந்தக் கலக்கம் திரும்ப வருவதில்லை. இப்படி ஒவ்வொரு பாடலாக ஒப்பிட்டு, வாதாடி, சில இடங்களில் மனம் மாறி, ஓர் ஆல்பத்தை முன்னைவிட ஆழமாக அறிந்துகொள்ளும் வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துவிட்டீர்கள். இப்போது அதை நினைவிலிருந்துதான் பேச வேண்டியிருக்கிறது. புதிதாக வந்தவர்களுக்கு அந்த நினைவும் இல்லை.

பழைய வடிவத்தைக் கேட்பவர்களைப் பழமை விரும்பிகள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எந்த விளம்பரமும் இல்லாத காலத்தில் அந்த ஆல்பத்தைக் கையில் எடுத்துப் பத்துப் பேரிடம் சொன்னவர்கள் அவர்கள்தான். மறுவெளியீடு செய்யும் அளவுக்கு அந்தப் பாடல்கள் உயிரோடு இருந்ததற்கு அவர்களின் காதுகளே காரணம். அவர்கள் காத்த பதிவை அவர்களிடமிருந்தே பறிப்பது எந்த வகையில் நியாயம்?

நான் கேட்பது நடக்காத காரியம் அல்ல. ஏற்கெனவே நடந்திருக்கிறது. கார் சீட் ஹெட்ரெஸ்ட் என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க இசைக்கலைஞர் வில் டொலேடோ 2011-இல், இருபது வயதுகூட நிரம்பாத நிலையில், ‘ட்வின் ஃபேன்டசி’ ஆல்பத்தைத் தானே பதிவு செய்து பேண்ட்கேம்ப் தளத்தில் வெளியிட்டார். 2018-இல் மேட்டடோர் நிறுவனத்துக்காக ஒரு முழு இசைக்குழுவோடு அதைத் தொடக்கம் முதல் இறுதி வரை மறுபடியும் பதிவு செய்தார். வரிகள் சிலவற்றை மாற்றினார். பத்து நிமிடப் பாடல் ஒன்று பதினாறு நிமிடமாக நீண்டது. இந்த மடலுக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான் வருகிறது. பழைய பதிவை அவர்கள் மறைக்கவில்லை. அதற்கு ‘மிரர் டு மிரர்’ என்றும் புதியதற்கு ‘ஃபேஸ் டு ஃபேஸ்’ என்றும் துணைப்பெயர் இட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். கேட்பவர்கள் இன்றும், எது மேல் என்று விவாதிக்கிறார்கள். படுக்கையறைப் பதிவின் கரகரப்பில்தான் அந்தப் பாடல்கள் சொல்லும் காதலின் வலி இருக்கிறது என்கிறது ஒரு தரப்பு. முழு இசைக்குழு வந்த பிறகுதான் அந்தப் பாடல்கள் தம் அளவை எட்டின என்கிறது இன்னொரு தரப்பு. இத்தனை ஆண்டுகள் கடந்தும் விவாதம் ஓயாததற்குக் காரணம், இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதுதான்.

எதையும் தொடாமல் மறுவெளியீடு செய்வது இன்னொரு வழி. போன் ஐவர் என்று அறியப்படும் ஜஸ்டின் வெர்னன், அமெரிக்காவின் விஸ்கான்சினில் தன் தந்தையின் வேட்டைக் குடிலில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தனியாக இருந்து பதிவு செய்த ‘ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ’ ஆல்பத்தை 2007-இல் தானே சுமார் 500 குறுந்தட்டுகளாக வெளியிட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் ஜாக்ஜாகுவார் நிறுவனம் அதை மறுவெளியீடு செய்தபோது, நல்ல ஸ்டுடியோவில் மறுபடி பாடச் சொல்லி யாரும் அவரை அழைத்துப் போகவில்லை. குடிலில் பதிவான அதே ஒலிதான் உலகெங்கும் போய்ச் சேர்ந்தது, அதைத்தான் மக்கள் நேசித்தார்கள்.

ஆங்கிலப் பாடகி வஷ்டி பன்யனின் கதை இன்னும் நீளமானது. குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தின் தீவுகளை நோக்கிப் பயணம் செய்தபோது எழுதிய பாடல்களை 1969-இன் இறுதியில், 24 வயதில், அவர் பதிவு செய்தார். 1970-இல் வெளியான ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ ஆல்பத்தை வாங்குவார் இல்லை. மனம் உடைந்து பாடுவதையே விட்டுவிட்டார். 2000-இல் அந்த ஆல்பம் மறுவெளியீடு ஆனபோது அவருக்கு 55 வயது. இளைய தலைமுறையினர் அதை வாரி அணைத்துக்கொண்டார்கள். அந்த வரவேற்பு தந்த துணிவில் 2005-இல் தன் இரண்டாவது ஆல்பத்தை வெளியிட்டார். இரண்டுக்கும் இடையில் 35 ஆண்டுகள். 2000-இல் யாராவது அவரிடம், இன்றைய கேட்பவர்களுக்கு ஏற்ப மறுபடி பாடிக் கொடுங்கள், பழையதை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தால்? மக்கள் தேடி வந்தது அந்த 24 வயதுக் குரலை. 55 வயதுக் குரலுக்கென்று புதிய பாடல்கள் இருந்தன, அவற்றையும் அவர்கள் கேட்டார்கள்.

முதல் பதிவை மாற்றிவைத்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. ராக் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் 1980, 1981 ஆண்டுகளின் ஆல்பங்கள் இரண்டை 2002-இல் மறுவெளியீடு செய்தபோது, முதலில் வாசித்த பாப் டெய்ஸ்லியின் பாஸ் கிதாரையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் நீக்கிவிட்டு, வேறு இருவரை வாசிக்க வைத்து அந்த இடத்தில் ஒட்டினார்கள். கேட்டவர்கள் கொதித்துப் போனார்கள். 2011 மறுவெளியீட்டில் பழைய வாசிப்பு திரும்ப வந்தது. அது சுயாதீன இசை அல்ல, பெரும் விற்பனை கண்ட ராக் இசை. கோபப்பட ஏராளமானவர்கள் இருந்ததால் திரும்ப வந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே அறிந்த ஒரு பாடகிக்கு அப்படி ஒரு படை கிடையாது. அவருடைய முதல் பதிவு போனால் போனதுதான்.

பழையதை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்கு அந்தப் பாடகி தந்த விளக்கம் என்னை மிகவும் பாதித்தது. இரண்டு வடிவங்களும் இருந்தால் கேட்கப்படும் எண்ணிக்கை இரண்டாகப் பிரிந்துவிடும், பழையதை எடுத்துவிடுவதே நல்லது என்று அவருக்கு அறிவுரை சொல்லப்பட்டிருக்கிறது. அறிவுரை சொன்னவர்களையும் முழுதாகக் குறை சொல்ல முடியவில்லை. ஏற்பாடே அப்படித்தான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபை 2024 முதல் கொண்டுவந்த விதிப்படி, ஒரு பாடல் அதற்கு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறை கேட்கப்பட்டிருந்தால்தான் அந்த ஒலிப்பதிவுக்கு உரிமத்தொகை உண்டு. பிரபலமான ஒருவருக்கு ஆயிரம் என்பது சில நிமிடக் கணக்கு. ஆண்டு முழுவதும் சொட்டுச் சொட்டாகக் கேட்கப்படும் ஆல்பத்துக்கு அது ஒரு வாசற்படி, தடுக்கி விழவும் வைக்கும். பழையது 700, புதியது 800 என்று பிரிந்தால் அந்தப் பாடல் 1,500 முறை கேட்கப்பட்டும் கையில் ஒன்றும் வராது. இப்படி ஒரு கணக்கை முன்னால் வைத்துவிட்டு, கலைஞர் தாமாகத்தான் எடுத்தார் என்று சொல்வது சரியல்ல.

இதைச் சரிசெய்யத் தேவையான கருவி உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் 12 எழுத்தும் எண்ணும் கொண்ட பன்னாட்டுப் பதிவுக் குறியீடு உண்டு. ஐஎஸ்ஆர்சி என்று உங்கள் படிவங்களில் நாள்தோறும் நிரப்பப்படுவது அதுதான். மறுபடி பாடினால் புதிய குறியீடு. மாற்றமில்லாத அதே பதிவு வேறொரு விநியோக நிறுவனம் வழியாக வந்தாலும் பழைய குறியீடே தொடர வேண்டும். இது தெரியாமல், நிறுவனம் மாறும்போது புதிய குறியீடு வாங்கி, பல ஆண்டுகளாகச் சேர்ந்த கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்கும் சுயாதீனக் கலைஞர்கள் பலர். பதிவேற்றும் பக்கத்திலேயே, “இது முன்பு வெளியான பாடலின் மறு வடிவமா?” என்று ஒரு கேள்வியை வையுங்கள். ஆம் என்றால் இரண்டு குறியீடுகளையும் ஒரே பாடலின் இரு வடிவங்களாக இணையுங்கள். உரிமத்தொகைத் தகுதிக்கு இரண்டின் எண்ணிக்கையையும் கூட்டிப் பாருங்கள். பழையதை எடுத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடி அந்த இடத்திலேயே போய்விடும்.

இரண்டு வடிவங்கள் இருந்தால் கேட்பவர்கள் குழம்புவார்கள் என்று ஒரு வாதம் வரும். டெய்லர் ஸ்விஃப்ட் தன் பழைய ஆல்பங்களின் பதிவுகள் பிறர் கைக்குப் போனதால் 2021 முதல் அவற்றில் சிலவற்றைத் தானே மறுபடி பதிவு செய்து வெளியிட்டார். இரு வடிவங்களும் உங்கள் தளங்களில் ஒருசேர இருந்தன. யாரும் குழம்பவில்லை. எது யாருடையது, எதைக் கேட்டால் பணம் யாருக்குப் போகும் என்பதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடத் தெரிந்து வைத்திருந்தார்கள். தலைப்பில் ஒரு தெளிவான குறிப்பு இருந்தது, அது போதுமானதாக இருந்தது. கேட்பவர்களின் அறிவை நம்புங்கள்.

ஒலியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரீமாஸ்டர், அதாவது பழைய பதிவின் ஒலியைச் செப்பனிடுவது, என்றாலே சத்தத்தைக் கூட்டுவது என்ற பழக்கம் இன்னும் போகவில்லை. ஒலியின் உச்சத்தைக் கட்டுப்படுத்தும் லிமிட்டர் கருவியை வைத்து மெல்லிய இடங்களை உயர்த்தி, உரத்த இடங்களைத் தட்டி, எல்லாவற்றையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு குரலும் ஒரு கிதாரும் மட்டுமே உள்ள பாட்டில், முணுமுணுப்புக்கும் குரலெழுப்பலுக்கும் இடையிலான தூரம்தான் பாட்டு. அந்தத் தூரத்தைக் குறைத்துவிட்டால் பாடியவரின் தயக்கம், துணிவு எல்லாம் ஒரே அளவாகிவிடும். இத்தனைக்கும் இதனால் ஒரு பயனும் இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாடல்களையும் ஏறத்தாழ ஒரே ஒலி அளவுக்கு, இயல்பு அமைப்பில் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (காதில் விழும் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு, கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. அதிகச் சத்தத்தோடு வருவதைக் குறைத்துவிடுகின்றன. ஆக, கூட்டிய சத்தம் கேட்பவரின் காதை எட்டுவதே இல்லை. இழந்த மென்மை மட்டும் இழந்ததாகவே இருக்கிறது. விநியோக நிறுவனத்தார் தங்களிடம் வரும் கலைஞர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம். அவர்களில் பலருக்கு ஒலிப்பொறியாளரை அமர்த்தும் வசதி இல்லை. தானியங்கி மாஸ்டரிங் சேவையில் பொத்தானை அழுத்துகிறார்கள், வந்ததை அப்படியே அனுப்புகிறார்கள்.

ஆண்டையும் கவனியுங்கள். மறுவெளியீட்டுப் பக்கத்தில் புதிய ஆண்டு மட்டுமே தெரிகிறது. முதலில் வெளியான ஆண்டைக் குறிக்கத் தனி இடம் உங்கள் தரவுகளில் உண்டு. கேட்பவர் பார்க்கும் இடத்தில் அதைக் காட்டுவதில்லை. இதைச் சிறிய விஷயமாக நினைக்காதீர்கள். ஒரு பாணியை முதலில் முயன்றவர் அந்தப் பாடகியாக இருக்கலாம். அவரைக் கேட்டு வளர்ந்தவர்கள் பிறகு புகழ் பெற்றிருக்கலாம். ஆண்டு மாறிவிட்டால் முன்னோடி பின்பற்றியவராகிவிடுவார். புதிய கேட்பவர் ஒருவர், இது இன்னாரைப் போலவே இருக்கிறதே என்று அவரைப் பற்றிச் சொன்னதை நான் பார்த்தேன். அந்த இன்னார் இந்த ஆல்பம் வந்தபோது பாடவே தொடங்கவில்லை.

பெயர்களுக்கும் இதே கதிதான். பழைய பக்கத்தில் உடன் வாசித்த நண்பர்கள், பதிவு செய்தவர், ஒரு பாடலில் பின்குரல் கொடுத்த தோழி என எல்லாரும் இருந்தார்கள். புதிய பக்கத்தில் புதியவர்கள் மட்டுமே. சம்பளம் வாங்காமல் இரவெல்லாம் கூடவே இருந்து அந்த ஆல்பத்தை உருவாக்கியவர்களுக்கு அந்தப் பெயர்ப் பட்டியல்தான் ஒரே சாட்சி. பக்கத்தோடு அதுவும் போயிற்று.

கலைஞரே பழையதை வேண்டாம் என்றால்? நிச்சயமாக அவர் சொல்வதே முடிவு. 2022-இல் அமெரிக்கப் பாடகி லிசோ தன் புதிய பாடல் ஒன்றில் இருந்த ஒரு சொல் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துகிறது என்று கேட்டவர்கள் சுட்டிக்காட்டியதும், சில நாள்களிலேயே அதை மாற்றி மறுபடி வெளியிட்டார். அங்கே பழையதைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் வாதாட மாட்டேன். காயப்படுத்தும் சொல்லைத் திரும்பப் பெறுவதும், தன் இளமையின் குரலைக் கேட்கவே பிடிக்கவில்லை என்று விலக்கிவைப்பதும் பாடியவரின் தனி உரிமை. என் சண்டை, அவருக்கு விருப்பமே இல்லாமல், எண்ணிக்கைக்காகவும் படிவத்தில் வேறு வழி இல்லாததாலும் நடக்கும் நீக்கங்களோடுதான். இரண்டும் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் நான் சொல்லும் பாடகியும் எண்ணியிருக்கிறார்.

கேட்டால் நீங்கள் மாற்றுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2021 நவம்பரில் தன் ஆல்பம் வெளியானபோது, பாடல்களை வரிசை கலைத்து ஒலிக்கவிடும் பொத்தான் ஆல்பத்தின் முகப்பில் முதன்மையாக இருக்கக் கூடாது என்று அடேல் கேட்டார். கலைஞர்கள் யோசித்து வரிசைப்படுத்துகிறார்கள், அந்த வரிசையில்தான் கேட்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். ஸ்பாட்டிஃபை உடனே மாற்றியது. நல்ல மாற்றம், எல்லாக் கலைஞர்களுக்கும் பயன்பட்டது. ஒரு பெரிய பாடகியின் ஒரு வேண்டுகோளுக்கு ஒரு பொத்தான் நகர்ந்தது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கான பாடகர்களுக்காக, அவர்களின் பாடல்களைக் கேட்கும் நாங்கள் வேண்டுகிறோம். முகப்பில் “முதல் வெளியீடு” என்று ஒரு வரி வேண்டும், அதை அழுத்தினால் அந்தப் பதிவு அன்றைய அட்டைப்படத்தோடும் அன்றைய பெயர்களோடும் வரிசையோடும் திறக்க வேண்டும். ஓர் ஆல்பம் பிடிக்கும் இடம் சில நூறு மெகாபைட்டுகள்தான்.

அந்தப் பாடகியின் முதல் பதிவுக் கோப்புகள் அவரிடம் பத்திரமாக இருக்கின்றன. பதிவுக் குறியீடுகள் ஏற்கெனவே வழங்கப்பட்டவை. புதிய ஆல்பத்தின் எண்ணிக்கை இதனால் குறையாது, உரிமத்தொகை தடைபடாது என்று விநியோக நிறுவனம் அவருக்கு எழுத்தில் உறுதி கொடுத்தால், மறுபடி ஏற்றுவது ஓரிரு நாள் வேலை. அந்த உறுதியை அவருக்குக் கொடுங்கள். அவரைப் போல இந்த ஆண்டு மறுவெளியீட்டுக்கு ஆயத்தமாகும் மற்றவர்களிடம், பழையதை எடுக்கச் சொல்லும் முன், இரண்டும் இருக்கட்டுமா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
அந்த ஆல்பத்தை அது வந்த நாள் முதல் கேட்டுவரும் ஒருவர்